ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் படகு சுற்றுகிறதா? இரட்டை மோட்டார் படகில் கேம்பேட் கோளாறு தேடும் முறை

கேம்பேட் என்கிற வீடியோ கேம் கைக்கருவியால் கரையிலிருந்து ஓட்டும் சின்னப் படகு என்னுடையது. முதல் முறை அதைத் தண்ணீரில் விட்டு, கேம்பேடின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். படகு நின்ற இடத்திலேயே செக்கு மாடு போல இடப்பக்கமாகச் சுற்றியது. வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். திரும்பாமல் நேராகப் பின்னால் வந்து கரைச் சேற்றில் முட்டிக்கொண்டது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர், "ஒரு துடுப்பு செஞ்சு குடுத்திருந்தா இந்நேரம் அக்கரைக்கே போயிருக்கலாமே தம்பி" என்றார். இருட்டும்வரை மடிக்கணினியில் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பதே மறந்துவிட்டது.

கோளாறு இருந்தது இடது மோட்டாரின் வயரில். கேம்பேடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்று படகு செய்த அந்த இரண்டு அசைவுகளை மட்டும் ஒழுங்காகப் படிக்கத் தெரிந்திருந்தால், கணினியைத் திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். எப்படிப் படிப்பது என்று கீழே சொல்கிறேன்.

இந்த வகைப் படகில் சுக்கான் கிடையாது. இடது மோட்டாருக்கும் வலது மோட்டாருக்கும் உள்ள வேக வித்தியாசம்தான் படகைத் திருப்புகிறது. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டிய படகில் ஒரு புரொப்பெல்லரும் ஒரு சுக்கானும் இருந்தன. அவருக்கு இந்தத் தலைவலி இல்லை. நம் படகில் ஒரு மோட்டார் தப்பாகச் சுற்றினாலே முன்னால் போவதும் திரும்புவதும் இரண்டும் சேர்ந்து குழம்பிவிடும். புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான்.

நான் பயன்படுத்தும் அமைப்பை வைத்தே சொல்கிறேன். படகில் பிக்ஸ்ஹாக் வகை ஆட்டோபைலட் போர்டு (படகை ஓட்டும் சிறு கணினி), அதில் ஆர்டுபைலட் ரோவர் மென்பொருள், இரண்டு ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), இரண்டு பிரஷ்லெஸ் மோட்டார். கரையில் மடிக்கணினி, அதில் படகைக் கவனித்துக் கட்டளை அனுப்பும் செயலியான மிஷன் பிளானர் அல்லது கியூகிரவுண்ட்கண்ட்ரோல், யூஎஸ்பியில் சொருகிய கேம்பேட். ராஸ்பெர்ரி பையில் சொந்தமாகப் பைத்தான் நிரல் எழுதி ஓட்டுபவர்களுக்கும் முக்கால்வாசி விஷயம் இதேதான். அவர்களுக்கென்று உள்ள பொறிகளை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை. தேடுதல் வேலை முழுக்க மேசைமேல்தான் நடக்கப்போகிறது. மேசைமேல் இருக்கும் படகில் மோட்டார் எப்போது திடீரென்று முழு வேகம் எடுக்கும் என்று சொல்ல முடியாது, கோளாறு என்பதே அதுதானே. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் தண்டில் ஒரு துண்டு நிறநாடாவைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். சுற்றும் திசை தெளிவாகத் தெரியும். தண்ணீரில் குளிரும்படி செய்யப்பட்ட மோட்டாரை வெளியே நெடுநேரம் ஓட்டாதீர்கள். சில நொடி போதும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். மாற்றுவதற்கு முன் இருந்த எண், மாற்றிய எண், என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி போலத் தெரிவது இந்தப் படகுகளில் சர்வசாதாரணம்.

விரல் அசைவு எங்கே காணாமல் போகிறது?

உங்கள் கட்டைவிரல் ஸ்டிக்கைத் தள்ளுகிறது. அந்த அசைவு கேம்பேடிலிருந்து இயங்குதளத்துக்கும், அங்கிருந்து மிஷன் பிளானருக்கும் போகிறது. பிறகு ரேடியோ வழியாக ஆட்டோபைலட்டை அடைகிறது. ஆட்டோபைலட் அதை இடது, வலது என்று பிரித்து இரண்டு ஈஎஸ்சிக்கு அனுப்புகிறது. ஈஎஸ்சி மோட்டாரைச் சுற்றுகிறது. இந்த வழியில் எந்த இடம்வரை அசைவு ஒழுங்காக வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதல் முனையிலிருந்து தொடங்க வேண்டாம். நடுவில் பாருங்கள். மிஷன் பிளானரில் 'ஸ்டேட்டஸ்' தாவலைத் திறந்தால் 'சிஎச்1இன்', 'சிஎச்3இன்' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று திருப்புதல், மூன்று வேகம். ஆட்டோபைலட்டுக்குள் உண்மையில் வந்து சேர்ந்த மதிப்புகள் இவை. ஸ்டிக்கை விட்டால் இரண்டும் 1500-ஐ ஒட்டி நிற்க வேண்டும். முன்னால் தள்ளினால் மூன்றாவது எண் 1900 பக்கம் ஏற வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் முதல் எண் ஏற வேண்டும். இது சரியாக நடந்தால் கேம்பேட், கணினி, ரேடியோ மூன்றும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும், கோளாறு படகுக்குள் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் படகைத் தொடவே வேண்டாம், கரைப்பக்கம் தேடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே சோதனையைச் செய்யலாம். மிஷன் பிளானரில் 'மோட்டார் டெஸ்ட்' பக்கம் கேம்பேடைத் தொடாமல் நேரடியாக மோட்டாரைச் சுற்றும். இரட்டை மோட்டார் வாகனத்தில் 'சி' இடது, 'டி' வலது. ஐந்து சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். 'சி'யை அழுத்தினால் வலது மோட்டார் சுற்றுகிறது என்றால், அந்த நிமிடமே ஒரு கோளாறு கையில் கிடைத்துவிட்டது.

கரைப்பக்கம்: கேம்பேட்

விண்டோசில் 'ஜாய் டாட் சிபிஎல்' என்று தட்டினால் கேம்பேட் சோதனைப் பெட்டி திறக்கும். லினக்ஸில் 'ஜேஎஸ்டெஸ்ட்' இருக்கிறது. வேறு எந்தச் செயலியும் இல்லாமல் முதலில் இங்கே பாருங்கள். ஸ்டிக் ஒவ்வொன்றையும் ஓரம் வரை ஒரு வட்டம் சுற்றி விடுங்கள். எந்த அச்சு எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே கேம்பேடுக்கு விண்டோசில் ஒரு வரிசை, லினக்ஸில் ஒரு வரிசை.

லாஜிடெக் எஃப்310, எஃப்710 போன்றவற்றில் 'எக்ஸ்', 'டி' என்று ஒரு சிறிய நழுவு சுவிட்ச் உண்டு. பையில் கிடக்கும்போது அது நகர்ந்துவிட்டால் கணினிக்கு அது வேறொரு கேம்பேட், நேற்றுச் செய்த அளவீடு எல்லாம் போச்சு. முன்பக்கம் 'மோட்' என்று ஒரு பட்டனும் இருக்கிறது. அதன் விளக்கு எரிந்தால் இடது ஸ்டிக்கும் திசைப் பட்டன்களும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். "ஸ்டிக் அசைத்தால் ஒன்றும் நடக்கவில்லை, மற்ற பட்டன் எல்லாம் வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்த விளக்கைப் பற்றித்தான்.

டிரிகரை (கேம்பேடின் முன்விளிம்பில் விரலால் அழுத்தும் விசை) வேகத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். விண்டோசின் பழைய டைரக்ட்இன்புட் முறையில் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடின் இரண்டு டிரிகரும் ஒரே அச்சில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பைகேம் என்ற பைத்தான் நூலகத்தில் இன்னொரு விஷமம்: நிரல் தொடங்கியவுடன் டிரிகர் 0 என்று காட்டும், ஒரு முறை தொட்டு விட்ட பிறகுதான் அதன் உண்மையான ஓய்வு மதிப்பான −1-க்குப் போகும். −1 என்றால் நிறுத்தம், +1 என்றால் முழு வேகம் என்று நீங்கள் எழுதியிருந்தால், நிரல் தொடங்கிய கணமே படகு பாதி வேகத்தில் கிளம்பும். நிரல் ஒரு முறையாவது டிரிகர் அசைவைப் பார்த்த பிறகுதான் மோட்டாரைத் திறக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். புதியவர்களுக்கு என் யோசனை: டிரிகரே வேண்டாம், ஸ்டிக் போதும். விட்டால் நடுவுக்கு வரும், நடு என்றால் நிறுத்தம்.

ஸ்டிக்கை மேலே தள்ளினால் எண் குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேம்பேட் உலகில் மேல் என்றால் கழித்தல். மிஷன் பிளானரின் ஜாய்ஸ்டிக் பக்கத்தில் வேக அச்சுக்கு எதிரே உள்ள 'ரிவர்ஸ்' கட்டத்தைத் தட்டினால் போதும். வேக ஸ்டிக்கின் திசையை இங்கே மட்டும் திருத்துங்கள். இங்கே ஒரு முறை, ஆட்டோபைலட்டில் ஒரு முறை, மோட்டார் வயரில் ஒரு முறை என்று திருப்பினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

பழைய கேம்பேடில் ஸ்டிக்கை விட்டாலும் சரியாக நடுவுக்கு வராது. படகு தானாக மெல்ல நகர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நடுவில் ஒரு செத்த இடம் விட்டு, அதற்குள் வரும் அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் வழக்கம். கேம்பேடைப் படிக்க மைக்ரோசாஃப்ட் தரும் எக்ஸ்இன்புட் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689 என்று வைத்திருக்கிறது, முழு வீச்சு 32767. கிட்டத்தட்ட கால் பங்கு. விளையாட்டுக்கு அது சரி, படகுக்கு அதிகம். கரையோரம் மெல்ல ஊர்ந்து வரும் வேகமே அந்தக் கால் பங்குக்குள்தான் இருக்கிறது. பத்து சதவீதத்துக்குள் வைத்துப் பாருங்கள். சொந்த நிரலில் என்றால் செத்த இடத்தைத் தாண்டியதும் எண் சுழியத்திலிருந்து தொடங்கும்படி நீட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படகு துள்ளித்தான் கிளம்பும்.

கரைப்பக்கம்: செயலி

சோதனைப் பெட்டியில் ஸ்டிக் நன்றாக அசைகிறது, 'சிஎச்1இன்' அசையவில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியவை மூன்று.

மிஷன் பிளானரில் ஜாய்ஸ்டிக் பக்கத்தின் 'எனேபிள்' பட்டனை அழுத்தினீர்களா? கியூகிரவுண்ட்கண்ட்ரோலில் ஜாய்ஸ்டிக் அனுமதிக் கட்டம் தட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதி புகார் இத்துடன் முடியும்.

அடுத்து, கேம்பேட் கட்டளையை எந்தக் கரை நிலையத்திடமிருந்து (கரையில் ஓடும் செயலியிடமிருந்து) ஏற்க வேண்டும் என்று ஆட்டோபைலட்டில் ஓர் எண் உண்டு. அதன் பெயர் 'சிஸ்ஐடி மைஜிசிஎஸ்', வழக்கமான மதிப்பு 255. மிக அண்மைப் பதிப்புகளில் பெயர் சற்று மாறியிருக்கும். உங்கள் செயலியின் எண் வேறாக இருந்தால் வரைபடம், பேட்டரி, வேகம் எல்லாம் திரையில் அழகாகத் தெரியும், கேம்பேட் மட்டும் எடுபடாது. ஆட்டோபைலட்டின் தகவல் மொழியான மேவ்லிங்கில் சொந்த நிரலிலிருந்து கட்டளை அனுப்புபவர்கள் அடிக்கடி விழும் குழி இது.

மூன்றாவது, வேக அச்சின் நடுமதிப்பு. பழைய ரிமோட் ஒன்றை வைத்து அளவீடு செய்தபோது வேகக் கம்பியைக் கீழே வைத்தபடி முடித்திருந்தால், 'ஆர்சி3 ட்ரிம்' 1100 பக்கம் பதிந்துவிட்டிருக்கும். அப்போது கேம்பேடின் நடு, படகுக்குப் பாதி வேகம். 1500 என்று மாற்றுங்கள். கியூகிரவுண்ட்கண்ட்ரோலிலும் வேக ஸ்டிக்கின் சுழியம் நடுவிலா, கீழ்க்கோடியிலா என்று ஒரு தேர்வு இருக்கிறது. பின்னாலும் போகும் படகுக்கு நடுதான்.

படகுப்பக்கம்: நாலு அறிகுறி

இனிதான் விஷயமே. ஆட்டோபைலட் செய்யும் கணக்கு எளிது. இடது மோட்டாருக்கு வேகம் கூட்டல் திருப்பம். வலது மோட்டாருக்கு வேகம் கழித்தல் திருப்பம். அவ்வளவுதான். 'செர்வோ1 ஃபங்ஷன்' 73 என்றால் அந்த முனை இடது மோட்டார், 'செர்வோ3 ஃபங்ஷன்' 74 என்றால் வலது மோட்டார். 'ஃப்ரேம் கிளாஸ்' 2 என்றால் படகு. இவை மூன்றும் சரியா என்று பார்த்துவிட்டு, பயன்முறையை 'மேனுவல்' என்று வைத்து, படகுக்குப் பின்னால் அதன் மூக்கு பார்க்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இரண்டே சோதனை: ஸ்டிக்கை முன்னால் மட்டும், பிறகு வலப்பக்கம் மட்டும்.

முன்னால் தள்ளினால் படகு இடப்பக்கம் சுற்றுகிறது, வலப்பக்கம் தள்ளினால் பின்னால் போகிறது: இடது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. என் சேற்றுக் கதை இதுதான்.

முன்னால் தள்ளினால் வலப்பக்கம் சுற்றுகிறது, வலப்பக்கம் தள்ளினால் முன்னால் போகிறது: தலைகீழாய் இருப்பது வலது மோட்டார்.

முன்னால் தள்ளினால் ஒழுங்காக முன்னால் போகிறது, வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்புகிறது: மோட்டார்களின் திசை சரி, இரண்டு சிக்னல் வயரும் இடம் மாறிச் சொருகப்பட்டிருக்கின்றன. வயரை மாற்றிச் சொருகலாம், அல்லது 73, 74 இரண்டையும் இடம் மாற்றலாம். திருப்ப அச்சில் 'ரிவர்ஸ்' போட்டாலும் கையால் ஓட்டும்போது சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்யாதீர்கள். தானியங்கு முறைக்கு மாற்றினதும் ஆட்டோபைலட் தன் கணக்குப்படி வலப்பக்கம் திருப்ப நினைக்கும், படகு இடப்பக்கம் போகும். அதைத் திருத்த இன்னும் திருப்பும். படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

முன்னால் தள்ளினால் பின்னால் போகிறது, வலம் தள்ளினால் இடம் திரும்புகிறது: இரண்டு மோட்டாருமே தலைகீழ். பின்னால் போகிறது, ஆனால் திருப்பம் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், இரண்டும் தலைகீழ், அதோடு வயரும் இடம் மாற்றம். வேக அச்சைக் கேம்பேடில் திருப்ப மறந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதனால் மோட்டாரில் கை வைப்பதற்கு முன் 'சிஎச்3இன்' ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேசைமேல் படகு நகராது, மோட்டார்தான் சுற்றும். எந்தத் திசையில் சுற்றினால் தண்ணீரைப் பின்னால் தள்ளும் என்பது புரொப்பெல்லரைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிரான முறுக்குள்ள புரொப்பெல்லர் போடுவது வழக்கம், அப்போது இரண்டு மோட்டாரும் எதிரெதிராகச் சுற்றுவதுதான் சரி. புரொப்பெல்லரையே இடம் மாற்றி மாட்டிவிட்டு, மோட்டார் திசை தப்பு என்று நினைத்து வயரை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் என்றால் புரொப்பெல்லரைப் போட்டு, வாளித் தண்ணீரில் ஒரு பக்கத்தை மட்டும் முக்கி, மோட்டார் டெஸ்ட்டில் ஐந்து சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏற்றிப் பாருங்கள். கை தள்ளியே இருக்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

திசையை மாற்ற வழி இரண்டு. பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். அல்லது இடது மோட்டாருக்கு 'செர்வோ1 ரிவர்ஸ்டு', வலது மோட்டாருக்கு 'செர்வோ3 ரிவர்ஸ்டு' என்பதை 1 ஆக்குங்கள். ஏதாவது ஒன்றுதான். இரண்டையும் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

இந்த நாலிலும் அடங்காத ஒரு விசித்திரம் உண்டு: முன்னால் தள்ளினால் வலது மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இடது அசையவே இல்லை. வயர் அறுந்துவிட்டது என்றுதான் தோன்றும். 'பைலட் ஸ்டியர் டைப்' 1 என்று இருக்கிறதா பாருங்கள். அது இரண்டு ஸ்டிக்கால் இரண்டு மோட்டாரைத் தனித்தனியே ஓட்டுபவர்களுக்கான அமைப்பு. அதில் திருப்ப அச்சு இடது மோட்டார், வேக அச்சு வலது மோட்டார். ஒற்றை ஸ்டிக்கில் ஓட்டுபவர்கள் 0 வைக்க வேண்டும்.

0 வைத்த பிறகு சிலர் இன்னொரு புகாருடன் வருவார்கள்: "பின்னால் போகும்போது மட்டும் திருப்பம் தலைகீழாக இருக்கிறது." அது கோளாறு இல்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் காரின் பின்பகுதி வலப்பக்கம் போகுமே, அதே பழக்கம். பிடிக்கவில்லை என்றால் 3 வையுங்கள்.

தண்ணீரில் வரும் "திருப்பம் தலைகீழ்" புகாரில் ஒரு பங்குக்கு எந்த அமைப்பும் காரணமில்லை. படகு உங்களை நோக்கி வரும்போது அதன் வலது உங்கள் இடது. ஐம்பது மீட்டர் தள்ளி மூக்கு எது வால் எது என்றே தெரியாது. படகின் வலப்பக்கத்தில் பச்சை, இடப்பக்கத்தில் சிவப்பு என்று நாடா ஒட்டிவிட்டால் பெரிய படகுகளின் விளக்கு வழக்கப்படியும் இருக்கும், குழப்பமும் தீரும்.

ஈஎஸ்சி

ஆட்டோபைலட்டிலிருந்து ஈஎஸ்சிக்குப் போகும் 'சிஎச்1அவுட்', 'சிஎச்3அவுட்' எண்கள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன, மோட்டார் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் ஈஎஸ்சிக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று: பிக்ஸ்ஹாக்கின் பாதுகாப்புப் பட்டனை அழுத்தினீர்களா, படகை 'ஆர்ம்' செய்தீர்களா (மோட்டார் சுற்ற அனுமதி கொடுத்தீர்களா)? சரி.

ஈஎஸ்சி வாங்கும்போது அது எதற்கானது என்று பார்க்காமல் வாங்கினால் வினைதான். விமான ஈஎஸ்சிக்கு 1000 என்றால் நிறுத்தம், 2000 என்றால் முழு வேகம், பின்னால் சுற்றவே சுற்றாது. படகின் நடுமதிப்பு 1500-ஐ அது பாதி வேகம் என்று எடுத்துக்கொள்ளும். கார் ஈஎஸ்சி பின்னால் சுற்றும், ஆனால் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது பின்னுக்கு இழுத்தால் முதலில் பிரேக்தான் பிடிக்கும். நடுவுக்கு வந்து மறுபடி இழுத்தால்தான் பின்னால் சுற்றும். நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு மோட்டார் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுவது இதனால்தான். பிரேக் இல்லாத முன்-பின் முறை அதில் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஈஎஸ்சியை மாற்றுங்கள். நீருக்கடி மோட்டாருக்கென்று வரும் புளூ ரோபாட்டிக்ஸ் பேசிக் ஈஎஸ்சி போன்றவற்றுக்கு 1100 முழுப் பின், 1900 முழு முன், 1500 நிறுத்தம். 1475-க்கும் 1525-க்கும் நடுவே அசையாது. மின்சாரம் கொடுத்தவுடன் சில நொடி 1500 சிக்னலைப் பார்த்தால்தான் அவை விழித்துக்கொள்ளும். அந்தப் பீப் ஒலி வரிசை முடியாமல் ஸ்டிக்கைத் தள்ளிப் பயனில்லை.

இரண்டு ஈஎஸ்சியும் ஒரே மாதிரி, ஒரே அளவீடு. அப்படி இல்லையென்றால் நேராகப் போகச் சொன்னாலும் படகு ஒரு பக்கம் இழுக்கும். சிக்னல் வயரோடு அதன் தரை வயரையும் ஆட்டோபைலட்டில் இணைத்திருக்க வேண்டும். தரை இல்லாத சிக்னல், மோட்டாரை வலிப்பு வந்தது போல உதறவைக்கும்.

முழு வேகத்தில் மட்டும் விட்டுப்போகிறதா?

மெதுவாக ஓட்டினால் எல்லாம் பிரமாதம். முழு வேகம் கொடுத்த இரண்டாவது நொடி தொடர்பு அறுந்து, அரை நிமிடம் கழித்துத் திரும்பி வரும். நான் ஆண்டெனாவைத்தான் குறை சொன்னேன். புதிது வாங்கினேன், உயரமான கம்பத்தில் கட்டினேன், மாற்றமில்லை. ஒரு நாள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நண்பனை வேகம் கொடுக்கச் சொன்னேன். அப்போது என் படகில் இருந்த ராஸ்பெர்ரி பையின் சிவப்பு விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. அவ்வளவுதான் கதை. இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் பேட்டரி மின்னழுத்தம் சரிந்து, பை மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. அதற்கு வரும் ஐந்து வோல்ட் சுமார் 4.63-க்குக் கீழே போனாலே அது எச்சரிக்கும். மூளைக்குத் தனி மின்வழி, தடித்த வயர், நல்ல இணைப்பான். வேகம் கொடுத்தால் மட்டும் வரும் தொடர்புக் கோளாறு என்றால் ரேடியோவைத் தொடுவதற்கு முன் வோல்ட் மீட்டரை எடுங்கள்.

தூரம் போனால் மட்டும் விட்டுப்போகிறது என்றால் அது ரேடியோதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, தண்ணீரை ஒட்டியும் ஒழுங்காகப் போகாது. படகின் ஆண்டெனாவை முடிந்த அளவு உயர்த்துங்கள், கரையில் உள்ளதையும் தரையில் வைக்காமல் முக்காலியில் கட்டுங்கள். கேம்பேட் புளூடூத்தில் இருந்தால் அதுவும் அதே அலைவரிசைக் கூட்டத்தில் நின்று முட்டிமோதும். கேபிளுக்கு மாறினால் இன்னொரு தொல்லையும் போகும்: கம்பியில்லா எக்ஸ்பாக்ஸ் கேம்பேடைப் பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். படகு தானாக ஓடி ஆழம் அளந்துகொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் யாரும் ஸ்டிக்கைத் தொடுவதில்லை. புதரை நோக்கிப் போகிறதே என்று அவசரமாக எடுக்கும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும்.

கட்டளை தாமதமாகப் போய்ச் சேர்கிறது, அதுவும் மொத்தமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகிறது என்றால், நீங்கள் சொந்த நிரலில் டிசிபி வழியாக அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். உலாவி வழியாக வெப்சாக்கெட்டில் அனுப்புவதும் டிசிபிதான். தொலைந்த கட்டளையை அது விடாமல் மறுபடி அனுப்பும். மூன்று நொடிக்கு முந்தைய "வலப்பக்கம்" யாருக்கு வேண்டும்? யுடிபிக்கு மாறுங்கள், நொடிக்குப் பத்து இருபது முறை புதிய மதிப்பை அனுப்புங்கள், தொலைந்தது தொலையட்டும். உலாவியில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: ஏதாவது பட்டனை ஒரு முறை அழுத்தும்வரை உலாவி கேம்பேடைக் காட்டாது. வேறு தாவலுக்குப் போனால் உங்கள் பக்கம் கேம்பேடைப் படிப்பதையே நிறுத்திவிடலாம்.

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதற்கு முன் கடைசி மேசைச் சோதனை. புரொப்பெல்லர் இன்னும் கழற்றியே இருக்க வேண்டும். மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு, ஸ்டிக்கைப் பிடித்தபடியே கேம்பேட் கேபிளைப் பிடுங்குங்கள். வாய்விட்டு எண்ணுங்கள். ஆர்டுபைலட்டில் 'ஆர்சி ஓவர்ரைட் டைம்' வழக்கமாக 3 நொடி. அதற்குள் புதுக் கட்டளை வராவிட்டால் பழையதை அது கைவிட வேண்டும். பிறகு கேபிளை மாட்டி, இந்த முறை மடிக்கணினியின் ரேடியோவைப் பிடுங்குங்கள். இது வேறு சோதனை. கேம்பேட் மட்டும் போனால் கரை நிலையம் 'நான் இருக்கிறேன்' என்று அனுப்பும் இதயத்துடிப்புச் சிக்னல் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், அதனால் 'எஃப்எஸ் ஜிசிஎஸ் எனேபிள்' பாதுகாப்பு விழிக்காது. இரண்டிலும் மோட்டார் நின்றால்தான் படகு தண்ணீருக்குத் தயார். ஜிபிஎஸ் நன்றாக இருந்தால் 'எஃப்எஸ் ஆக்‌ஷன்' 1 வைக்கலாம், தொடர்பு போனதும் படகு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவரும். 2 என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சொந்த நிரல் எழுதியவர்கள் இந்தச் சோதனையில்தான் அதிகம் மாட்டுவார்கள். கேம்பேட் பிடுங்கப்பட்ட பிறகும் கரை நிரல் கடைசியாகப் படித்த எண்ணையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நிறுத்தும் பொறுப்பு படகில் உள்ள நிரலுக்கு இருக்க வேண்டும்: அரை நொடி புதுக் கட்டளை இல்லையென்றால் இரண்டு மோட்டாருக்கும் 1500. ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு வரிசை எண்ணையும் வையுங்கள். கேம்பேடை உண்மையில் படித்தால் மட்டுமே அந்த எண் ஏற வேண்டும். எண் ஏறவில்லை என்றால் படகு அதைக் கட்டளையாகவே எடுக்கக் கூடாது.

தண்ணீரில்

புரொப்பெல்லரைப் போடுங்கள். படகின் பின்பக்க வளையத்தில் மிதக்கும் வகைப் பாலிப்ரோப்பிலீன் கயிறு கட்டி, ஒரு முனையை ஆள் பிடித்துக்கொள்ளட்டும். நைலான் கயிறு முங்கும், எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். இடுப்பளவுக்குள் உள்ள தண்ணீரில், காற்று கரையை நோக்கி வீசும் பக்கமாகப் பார்த்து இறக்குங்கள். கயிற்றைத் தளர்வாக விட்டு முன்னால், வலம், இடம், பின்னால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்துபாருங்கள். பின்னால் போகும்போது இழுவை குறைவாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான புரொப்பெல்லர் முன்னால் தள்ளுவதற்கென்றே வளைக்கப்பட்டது.

மேசைமேல் எல்லாம் சரியாக இருந்து, தண்ணீரில் பத்து நிமிடம் ஓடிய பிறகு படகு ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கினால், மடிக்கணினியைத் திறக்காதீர்கள். கயிற்றை இழுத்துப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தூக்கிப் பாருங்கள். ஆகாயத்தாமரை வேர் ஒரு பக்கத் தண்டில் கறுப்பு நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றியிருக்கும். அதை அறுக்க ஒரு சின்னக் கத்தரிக்கோல் போதும். பையில் கேம்பேடுக்குப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.